பிக்கப் வண்டியில் ஃபியூஸ் அடிக்கடி போகிறதா?

பழைய பிக்கப் வண்டியில் ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால், பெரும்பாலும் எங்கோ ஒயரின் உறை கிழிந்து சேசிஸில் படுகிறது என்று பொருள். ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். அப்போது ஒயரே தீப்பற்றும். வைக்கோல் பாரம் இருந்தால் வண்டியே போய்விடும்.

கண்டறியும் முறை (பின்விளக்கு ஃபியூஸ் என்றால்):

1. பின்விளக்கு பல்புகளைக் கழற்றவும்.

2. எரிந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே 12 வோல்ட், 21 வாட் பல்பை ஒயரால் இணைத்து, விளக்கு சுவிட்சைப் போடவும். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது.

3. சேசிஸை ஒட்டிச் செல்லும் ஒயர், எலி கடிக்கும் பானட் பகுதி என ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள். எங்கே அசைக்கும்போது பல்பு அணைகிறதோ, அங்கேதான் பழுது.

4. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே ஒயரை மாற்றவும். வண்டிக்குக் குறிப்பிட்ட ஆம்பியர் ஃபியூஸையே போடவும்.