‘அம்மம்மா வந்தான்’: மகள் சீனாவில் படித்துவந்த பாடம்

மகள் யூனியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு சீனாவின் ஷியாமென் நகரத்துக்குப் போனாள். போனது சீன மொழி படிக்க. ஆனால் வகுப்புக்கு வெளியே அவள் அதிகம் செய்தது, சீன மாணவர்களோடு ஆங்கிலம் கதைத்ததுதான். “ஆங்கிலம் கதைக்க ஏன் சீனாவுக்குப் போக வேணும்? சிட்னியிலேயே கதைக்கலாமே” என்று நான் ஃபோனில் பகிடி விட்டேன். நாலு மாதத்தில் அந்தப் பகிடி என் பக்கமே திரும்பும் என்று அப்போது தெரியாது.

சீனப் பல்கலைக்கழகங்களில் ‘இங்கிலிஷ் கார்னர்’ என்று ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு மாலை, வளாகத்தில் ஒரு மரத்தடியிலோ படிக்கட்டிலோ மாணவர்கள் கூடுவார்கள். ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. வந்தவர்கள் ஆங்கிலத்தில் மட்டும் கதைக்க வேண்டும், அவ்வளவுதான். பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்திலும், ஷாங்காயில் மக்கள் பூங்காவிலும் நடக்கும் கூட்டங்கள் நாடறிந்தவை.

அதற்கு ஏன் இவ்வளவு தேவை? சீனாவில் 2001இல் வந்த அரசுக் கொள்கைப்படி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறார்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான ‘காவ்காவ்’ பரீட்சையின் 750 புள்ளிகளில் 150 அந்நிய மொழிக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது ஆங்கிலம். ஆனால் பரீட்சையில் கனம் வாசிப்புக்கும் எழுத்துக்கும்தான். பத்து வருடம் படித்தும் வாய் திறக்க வராது. இதற்கு அவர்களே வைத்திருக்கிற பெயர் ‘யாபா யிங்யூ’, அதாவது ஊமை ஆங்கிலம்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய், சான்றிதழ்களும் வாங்கி, வீட்டில் வாய் திறக்காத எங்கள் பிள்ளைகளின் தமிழுக்கு வேறென்ன பெயர்?

முதல் மாலையே மகளைச் சுற்றிப் பத்துப் பேர். எந்த ஊர், என்ன சாப்பாடு பிடிக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, “உன் தாய்மொழி என்ன?” என்றார்களாம். “தமிழ்.” “தமிழில் ஏதாவது சொல்லு!” வணக்கம் என்றாள். “இன்னும் சொல்லு.” அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. “பிழை பிழையாக் கதைச்சுக்கொண்டு எல்லாரும் முன்னுக்கு நிக்கினம். நான்தான் அம்மா ஊமை” என்று அன்றிரவு ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்.

அங்கே அவளுக்கு ஒரு தோழி அமைந்தாள். சீன மாணவர்களிடம் ‘யூபான்’ என்றொரு ஏற்பாடு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘மொழித்துணை’. இரண்டு பேர் ஒரு மணித்தியாலம் சந்திப்பது. அரை மணி உன் மொழி, அரை மணி என் மொழி. காசு இல்லை, கடன் இல்லை. இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

அந்தத் தோழியின் ஆங்கிலம் பற்றி மகள் சொன்னவை சுவாரசியமானவை. லைற்றைப் போடுவதை ‘ஓப்பன் த லைற்’ என்பாளாம். சீனத்தில் விளக்கைத் ‘திறப்பது’தான் வழக்கம். எங்கள் அம்மா ஆங்கிலத்தில் ‘புட் த லைற்’ என்று சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். இரண்டும் ஒரே மாதிரியான பிழை. தாய்மொழி தன் வழியில் சரியாகத்தான் வேலை செய்கிறது. ‘கசின்’ என்ற சொல்லில் தோழி தடுக்கி நிற்பாள். தாய் வழியா தந்தை வழியா, ஆணா பெண்ணா, மூத்ததா இளையதா என்று சீனத்தில் தனித்தனிச் சொற்கள். அம்மம்மா வேறு, அப்பம்மா வேறு. “எங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே!” என்று மகளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. மச்சாள் என்ற சொல்லின் பொருளை எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டதும் அந்த நாட்களில்தான்.

ஆனால் தோழியின் பெரிய பிழை வேறு. ‘மை கிராண்ட்மதர், ஹீ இஸ் குக்கிங்’ என்பாள். சீனப் பேச்சில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே ஒலி: ‘தா’. எழுதும்போதுதான் மூன்றுக்கும் வெவ்வேறு எழுத்து. அதனால் நன்றாக ஆங்கிலம் படித்தவர்களுக்கும் பேச்சு வேகத்தில் ‘ஹீ’யும் ‘ஷீ’யும் மாறிவிடும்.

மகள் சிரிக்கவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு வார இறுதியில் தோழி அவளைத் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விரைவு ரயிலில் கொஞ்ச நேரப் பயணம். ஊர் பெயர் சுவான்ஜோ. தமிழ் வணிகர்கள் கடல் கடந்து போய் வந்த பழைய துறைமுகம் அது. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, கடைசியில் சீன எழுத்துகளோடு, அந்த ஊரில்தான் கிடைத்தது. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததற்குச் சாட்சியான சிற்பக் கற்கள் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்கள் இரண்டில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். தோழி தூணைக் காட்டி, “இந்தச் சிங்கமுகக்காரர் யார்?” என்று கேட்க, அம்மம்மா சின்ன வயதில் சொன்ன பிரகலாதன் கதையை மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். கதை முழுதாக ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லத் தமிழ்தான் இல்லை.

அன்றிரவு தோழியின் வீட்டில் இன்னொன்றைக் கவனித்திருக்கிறாள். பாட்டி கதைப்பது மின்னான் மொழி. அந்த மொழியில் பாட்டியை ‘அமா’ என்பார்கள். தோழிக்கு அது எல்லாம் விளங்கும். ஆனால் மாண்டரினில்தான் பதில் சொன்னாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு வந்த பதில்: “பிழையாகச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.” ஆங்கிலத்தில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பயமில்லாமல் பிழை விடுகிற பெண், சொந்தப் பாட்டிக்கு முன்னால் வாயை மூடிக்கொள்கிறாள்.

அந்த இரவில் மகள் எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டது இதுதான்: “அம்மா, ‘அம்மம்மா வந்தான்’ ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது. வீடு நிறைய விருந்தாளிகள். வாசலில் நின்றவள், “அம்மம்மா வந்தான்!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்பான சிரிப்புத்தான். ஆனால் அதோடு விட்டோமா? அடுத்த பிறந்தநாளில் ஒரு மாமா அதைச் சொல்லிக் காட்டினார். பிறகு ஒவ்வொரு கூடலிலும் அது எங்கள் குடும்பப் பகிடி. நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் எப்போது தமிழில் கதைப்பதை நிறுத்தினாள் என்று யோசித்துப் பார்த்தால், ஏறக்குறைய அந்த வயதில்தான். ‘பிள்ளைக்கு ஆர்வமில்லை’ என்று பதினான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் இன்னொரு வேதனையும் இருக்கிறது. ‘புட் த லைற்’ என்று சொல்லிச் சிரிப்பு வாங்கிய என் அம்மாவும், பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம் கதைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் அம்மம்மாவும் பேத்தியும் இருந்தார்கள். இருவரையும் ஊமையாக்கியது நடுவில் நின்று சிரித்த நாங்கள்தான்.

மகள் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ‘தமிழ் மூலை’ ஒன்று தொடங்கினோம். இடம் குசினி மேசை. நேரம் அரை மணிதான். அதற்கு மேல் இழுத்தால் பாடமாகிவிடும். ஒருவரும் சிரிக்கக் கூடாது. வசனம் முடியுமுன் திருத்தக் கூடாது. முடிந்த பிறகு, சரியான வடிவத்தை எங்கள் பதிலுக்குள் வைத்துச் சொல்லலாம். “அம்மம்மா வந்தான்” என்றால், “ஓ, அம்மம்மா வந்தாவா? எப்ப வந்தா?” அவ்வளவு போதும். சொல் வராவிட்டால் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு மேலே போகலாம். பரீட்சை மாதிரிக் கேள்வி கேட்காமல், கேட்பவருக்கு உண்மையிலேயே தெரியாததைக் கேட்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் மௌனம். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. திருத்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகளின் தமிழ் இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. ஆனால் வருகிறது. போன மாதம், சுவான்ஜோவில் பார்த்த தூணைப் பற்றி அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். இருபது நிமிடம் எடுத்தது. நரசிம்மர் ஒரு தடவை ‘வந்தாள்’ ஆனார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கேட்டு முடித்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, அந்தச் சீனப் பிள்ளையோட அரை மணி அரை மணி எண்டு பங்கு போட்டனீ எல்லோ? எனக்கு இஞ்ச டொக்டரோட இங்கிலிஷில கதைக்க வேணும். மற்ற அரை மணியை எனக்குத் தா. ஆனா ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.”

இப்போது எங்கள் ஞாயிறு ஒரு மணித்தியாலம்.