ஒட்டுப்பலகை அலுமாரிக்கு வழவழப்பாகப் பெயின்ட் அடிப்பது எப்படி?



தீபாவளி முற்பணத்தில் ஒட்டுப்பலகை வாங்கி, தெரிந்த பாஸ் ஒருவரைப் பிடித்து, வீட்டுக்கு ஒரு சின்ன அலுமாரி செய்துகொள்வது எமது லயங்களில் இப்போது வழக்கமாகி வருகிறது. நல்ல விடயம். ஆனால் நாம் வீடுகளுக்குப் போகும்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஐயா, பெட்டி நல்லாத்தான் இருக்கு, பெயின்ட்தான் ஒரு மாதிரியா போயிருச்சு." தடவிப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஓரமெல்லாம் தேங்காய்த் தும்பு மாதிரி. இரண்டு மழைக்காலம் போனால் கதவு வளைந்து மூடாது, அடிப்பலகை அப்பளம் மாதிரி உப்பிவிடும். அந்த அலுமாரிக்குள்தான் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், அடையாள அட்டையும், சேமலாப நிதிக் கடிதங்களும் இருக்கின்றன. ஆகவே இது வெறும் அழகு பற்றிய விடயம் அல்ல.

எமக்கும் இது அனுபவப்பட்டுத் தெரிந்ததுதான். சில வருடங்களுக்கு முன் பிள்ளை மடுவத்துக்கு ஓர் அலுமாரி செய்து, ஆடி மாத மழைக்குள்ளேயே இரண்டே நாளில் பெயின்ட் அடித்து முடித்தோம். ஹார்ட்வெயார் கடையில் இருந்ததில் விலை கூடிய எனாமலைத்தான் வாங்கினோம். மூன்றாம் நாள் பார்த்தால் மினுக்கம் செத்து, பால் ஊற்றியதுபோல வெளிறிக் கிடந்தது. பிள்ளைகளின் துணிகள் தட்டில் ஒட்டிக்கொண்டன. மடுவத்து ஆயா, "புது அலுமாரியா ஐயா, பழசுக்குப் பூசினதா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான், ஸ்டோரில் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் போய்ச் சரியாகக் கேட்டு அறிந்துகொண்டோம். அவர் முதலில் சொன்னது: "பெயின்ட்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. பலகைக்குத் தாகம். அந்தத் தாகத்தை அடக்காம மேல எதை ஊத்தினாலும் குடிச்சுப்புடும்."

ஒட்டுப்பலகை என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு அழுத்திச் செய்வதாகும். ஒரு தகட்டின் நார் நீளவாட்டில் போனால் அடுத்ததன் நார் குறுக்கே போகும். அதனால்தான் அது இலேசாகவும் பலமாகவும் இருக்கிறது. எமது பெரியவர்களுக்கு இது புதிதல்ல. முன்பு தேயிலை ஏற்றுமதியானது ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான். காலிக்கு அடுத்த கிந்தோட்டையில் அதற்கென்று பலகை செய்தார்கள். இப்போது கடதாசிச் சாக்குகள் வந்துவிட்டன. உடைந்த தேயிலைப் பெட்டியில் செய்த தட்டுகள் இன்னும் சில வீடுகளில் உண்டு. அவற்றின் ஓரத்தைப் பாருங்கள், அடுக்கு அடுக்காகத் தெரியும். அந்த அடுக்குகளில் பாதிக்கு நாரின் வாய் வெளியே திறந்திருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் போன அதே குழாய்கள்தான் அவை. பெயின்ட்டும் அதன் வழியே உள்ளே போய்விடும், மழைக்கால ஈரமும் அதன் வழியேதான் போகும். ஆகவே அலுமாரி கெடுவது ஓரத்தில் தொடங்குகிறது. நாமோ முன்பக்கத்துக்கு மூன்று முறை அடித்துவிட்டு ஓரத்தில் பிரஷ்ஷை ஒரு தடவை இழுத்துவிட்டுப் போய்விடுகிறோம்.

முதல் வேலை தேய்ப்பது. 120ஆம் நம்பர் சேண்ட் பேப்பரை ஒரு சின்ன மரக்கட்டையில் சுற்றி, நார் போகும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கோடு மூன்று பூச்சுக்குப் பிறகும் தெரியும். பின் 180ஆம் நம்பரால் ஒரு முறை. மேல் தகடு மிக மெல்லியது, ஆத்திரத்தில் ஒரே இடத்தில் தேய்த்தால் அடுத்த அடுக்கு தெரிந்துவிடும். கூர்மையான மூலைகளை இலேசாக மழுங்கடித்துவிடுங்கள். கூரான மூலையில் பெயின்ட் நிற்காது, முதலில் உரிவதும் அங்கேதான். தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

அடுத்தது புட்டி. ஆணித் தலைகளைச் சற்று உள்ளே இறக்கி, குழிகளில் மரப்புட்டி வையுங்கள். காய்ந்தால் புட்டி கொஞ்சம் இறங்கும், ஆகவே சற்று மேடாக வைத்துப் பிறகு தேய்க்க வேண்டும். ஓரங்கள் முழுவதற்கும் அதே புட்டியை விரலால் அழுத்தித் தேய்த்து ஏற்றுங்கள். நாரின் வாய் அடைபட வேண்டும், அதுதான் நோக்கம். காய்ந்ததும் தேய்த்துவிட்டு இன்னொரு முறை. அந்தப் பெரியவர் பாதி நாளை ஓரத்துக்கே செலவழித்தார். "சுவத்துக்குப் போற நேரத்தை வாசப்படிக்குக் குடு" என்றார். எமக்கு அப்போது விளங்கவில்லை, அலுமாரி முடிந்த பிறகு விளங்கியது.

பிறகு பிரைமர். மரத்துக்கான பிரைமர் என்று கேட்டு வாங்க வேண்டும், சுவருக்கானதை மரத்துக்கு அடிக்கக் கூடாது. மிச்சம் பிடிக்க நினைத்துப் பலர் பிரைமரை விட்டுவிட்டு எனாமலை நாலு தடவை அடிக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நாலு அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழமான அலுமாரியின் வெளிப்பக்கம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 36 சதுர அடிதான். தாகம் அடங்கிய பலகையில் ஒரு லீற்றர் எனாமல் ஒரு பூச்சுக்கு 100 சதுர அடிக்கு மேல் வரும். ஆகவே வெளிப்பக்கத்துக்கு இரண்டு பூச்சு அடித்தும் மிஞ்சும். பிரைமர் இல்லாத பலகைக்கு அந்தக் கணக்கு செல்லாது.

முதல் பிரைமர் காய்ந்ததும் கையை வைத்துப் பார்த்தால் முன்பைவிடச் சொரசொரப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், வேலை கெடவில்லை. படுத்திருந்த நார்கள் ஈரம் பட்டு எழுந்து நிற்கின்றன. 220ஆம் நம்பரால் மெதுவாகத் தேய்த்தால் அவை அறுந்துவிடும். பிறகு இரண்டாவது பிரைமர். இனி அவை எழாது. எமது அலுமாரிகள் சொரசொரப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு தேய்ப்பை விட்டுவிட்டதுதான் காரணம். இரண்டாவது பிரைமர் காய்ந்த அன்று இரவு லைட்டை அணைத்துவிட்டு, டோச் லைட்டைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத குழியும் மேடும் நிழலாகத் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, காலையில் புட்டி வைத்துத் திருத்தி, திருத்திய இடத்துக்கு மட்டும் பிரைமர் தொடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும், அவர்கள் கண்ணுக்குத்தான் நிறையவும் படும்.

எனாமலைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். குச்சியால் அடிவரை மெதுவாகக் கலக்கி, பழைய மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் மேலே தோல் கட்டி உள்ளே பச்சையாகவே இருக்கும், வழிந்து கண்ணீர்க் கோடும் போடும். கதவைக் கழற்றிப் படுக்க வைத்து அடிப்பது நல்லது. ஒரு பாகத்தை அடித்து முடித்ததும் பிரஷ்ஷின் நுனியால் மட்டும், பாரம் கொடுக்காமல், ஒரே பக்கமாக இழுத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். அரைவாசி காய்ந்ததைத் திரும்பத் தொட்டால் பிரஷ் கோடு நிரந்தரமாகிவிடும். இரண்டு பூச்சுக்கு நடுவில் 320ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டால் கண்ணாடி மாதிரி வரும்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தின்னருக்குப் பதிலாக அதை ஊற்றும் பழக்கம் எமது மக்களிடம் உண்டு. அது மெதுவாக ஆவியாகும், எண்ணெய்ப் பசையும் விட்டுப்போகும். ஒரு நாளில் காய வேண்டியது ஒரு வாரத்துக்கும் கையில் ஒட்டும். பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் போதும், பெயின்ட்டுக்குள் வேண்டாம்.

இனி எமது மலைநாட்டின் பெரிய எதிரி, ஈரம். பெயின்ட் டின்னில் எழுதியிருக்கும் காயும் நேரத்தை இங்கே நம்பக் கூடாது, அதைப்போல இரண்டு மடங்கு விடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தவர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை காய்ச்சல் காலம். பதுளை, பண்டாரவளை பக்கத்து ஊவாத் தோட்டங்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தேயிலைக்கு நல்ல வாசம் வரும் காலமும் அதுதான் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்திலும் காலை பத்து மணிக்குப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் இரண்டு மணிக்குள் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். ஈரப் பெயின்ட்டில் இரவுப் பனி விழுந்தால் மினுக்கம் போய்விடும். எமது மடுவத்து அலுமாரிக்கு நடந்தது இதுவே. கொழுந்துக்குப் போய் வந்து, நாலரைக்கு மேல் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுமாரியின் முதுகையும் அடிப்பாகத்தையும் யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் வெறும் பலகை என்றால், ஈரம் ஒரு பக்கத்தால் மட்டும் ஏறிப் பலகை வளையும். எமது லயத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்ப்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. முதுகுக்கும் அடிக்கும் இரண்டு பிரைமராவது அடித்து, கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளியே அலுமாரியை வைக்க வேண்டும். பலகை வாங்கும்போதே ஈரத்துக்குத் தாங்கும் பசை போட்டதா என்று கேளுங்கள். மரைன் பலகை விலை கூடியதுதான். அலுமாரி முழுவதற்கும் முடியாவிட்டால் அடிப்பலகைக்கு மட்டுமாவது அதை வாங்கலாம்.

இதுவரை சொன்னது புதுப் பலகைக்கு. பழைய அலுமாரியையோ கதவையோ சுரண்டித் திரும்ப அடிப்பவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கவும். பழைய பெயின்ட்டுகளில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். இலங்கையில் பெயின்ட்டில் உள்ள ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை வந்தது 2013ஆம் ஆண்டு முதல்தான். அதற்கு முன் அடித்ததை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசி பறந்து தரையிலும் பாயிலும் படியும். தவழும் பிள்ளை அந்தத் தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது, உடனே ஒன்றும் தெரியாது, பிறகு படிப்பில்தான் தெரியும். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் ஆபத்து. ஆகவே பழைய பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கவோ நெருப்புக் காட்டிச் சுரண்டவோ கூடாது. உரியாமல் உறுதியாக இருந்தால் அப்படியே விட்டு, வாட்டர் பேப்பரை நனைத்து ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, மேலே அடித்தால் போதும். வேலையைக் காம்பிராவுக்குள்ளும் இஸ்தோப்பிலும் செய்யாமல் வெளியே, பழைய படங்கை விரித்துச் செய்யுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். விழுந்த கழிவைச் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள், பீலித் தண்ணீரிலோ காய்கறித் தோட்டத்திலோ கொட்ட வேண்டாம். வேலை செய்த உடுப்போடு பிள்ளையைத் தூக்கவும் வேண்டாம், முதலில் குளித்துவிடுங்கள்.

மிஞ்சிய தின்னரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கமும் உண்டு. தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். டின்னிலேயே வைத்து உயரத்தில் பூட்டி வையுங்கள். யாரும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். டின்னையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பெயின்ட் துடைத்த துணிகளை அடுப்படியில் குவித்து வைக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். ஒரு காம்பிராவில் தீப்பிடித்தால் லயம் முழுவதற்கும் ஆபத்து.

கடைசிப் பூச்சு அடித்து மறுநாள் கையில் ஒட்டாவிட்டாலும் உள்ளே அது இன்னும் காயவில்லை. பத்து நாளாவது கதவைத் திறந்தே வையுங்கள். தட்டில் உடனே பத்திரிகைத் தாள் விரித்தால் எழுத்தெல்லாம் பெயின்ட்டில் ஒட்டி அச்சாகிவிடும். சான்றிதழ்களையும் கடிதங்களையும் பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பத்து நாள் கழித்து, மேல் தட்டில் வையுங்கள். பிள்ளை மடுவத்து அலுமாரியை நாம் மாசி மாதத்தில் திரும்பத் தேய்த்து, இந்த முறைப்படி ஒன்பது நாள் எடுத்து அடித்தோம். ஆயா தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தன் சேலையைத் தட்டில் மடித்து வைத்தார்.