ரேஸ் டயரை பிராக்டீஸிலேயே தேய்ச்சுடாதீங்க... ஸ்டூடன்ட் ஃபார்முலா டீமுக்கு மலிவா டயர் எங்கே கிடைக்கும்?

ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் இருந்து இன்ஜினியரிங் படிக்கப் போன தம்பி, தங்கச்சி யாராவது காலேஜ் ரேஸிங் டீம்ல இருக்காங்களா? அவங்ககிட்ட டயரைப் பத்திக் கேட்டுப் பாருங்க. பெருமூச்சுதான் பதிலா வரும்.

கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு மாணவர்கள் தாங்களே வடிவமைச்ச காரோட வர்றாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸின் 'ரஃப்தார்' அணி 2022-ல் தன் முதல் எலெக்ட்ரிக் காரை அறிமுகப்படுத்துச்சு. இன்ஜின், பேட்டரி எல்லாம் செய்தியாகுது. டயர் மட்டும் பில்லாத்தான் வருது.

ஏன் இவ்வளவு செலவு?

இந்த வகை கார்களில் பல அணிகள் போடுறது அமெரிக்காவின் ஹூசியர் மாதிரி இறக்குமதி ஸ்லிக் டயர். விலைக்கு மேல ஷிப்பிங், சுங்க வரி வேற. ரப்பர் ரொம்ப மென்மையா இருக்கும். சூடாகி ஆற ஆற இறுகிடும், பிடிமானம் குறையும். அந்த செட்டிலேயே பயிற்சி எடுத்தா, சுமார் 22 கி.மீ. ஓடுற எண்டியூரன்ஸ் சுற்றுக்கு மிஞ்சுறது பழைய ரப்பர்தான். டயரைக் காப்பாத்த பயிற்சியைக் குறைச்சா, டிரைவர் கை பழகாது. ரெண்டு பக்கமும் அடி.

மலிவான வழி எது?

முதல்ல போன வருஷ செட். அது இறுகியிருந்தாலும் ஓட்டிப் பழக போதும். ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டரை வச்சுப் பார்த்து, பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தா ஒதுக்கிடுங்க. 13 அங்குல ரிம்மில் இருந்து 10-க்கு மாறுற அணிகளிடம் பழைய செட் சும்மா கிடக்கலாம். போட்டி நடக்கும் இடத்துலயே கேட்டுப் பாருங்க.

கார் 13 அங்குல ரிம்னா இன்னொரு வழி இருக்கு: சின்ன கார்களுக்கான சாதாரண ரோடு டயர். ஊர் டயர் கடையிலேயே கிடைக்கும். ஆனா அளவைப் பாருங்க. 155/80 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ.; 20.5 அங்குல ஸ்லிக் டயர் 521 மி.மீ.தான். கார் கிட்டத்தட்ட 28 மி.மீ. உயரும். ஸ்டீயரிங்கை முழுசா திருப்பி, டயர் எதிலயும் உரசுதான்னு பார்த்துட்டு ஓட்டுங்க.

10 அங்குல ரிம் வச்சிருந்தா? ஸ்கூட்டர் டயர் அதே அளவுல கிடைக்கும்தான். மாட்டாதீங்க. அது சாய்ஞ்சு திரும்புற வண்டிக்காக உருண்டையா செஞ்சது. காரின் பக்கவாட்டு விசைக்கு ஆகாது. ரீட்ரெட் டயரும் வேண்டாம்.

ரோடு டயர்ல பழகினா பலன் உண்டா?

டிரைவருக்கு நிச்சயம் உண்டு. பிடிமானம் குறைவுங்கிறதால குறைஞ்ச வேகத்திலேயே கார் வழுக்கும். அதை அடக்கப் பழகலாம், சஸ்பென்ஷனுக்கும் சுமை கம்மி. ஆனா அதுல எடுத்த கேம்பர், காற்றழுத்த அளவுகளை அப்படியே ஸ்லிக் டயருக்குப் போடக் கூடாது. செட்டப் டெஸ்டை ரேஸ் டயர்லயே, கொஞ்ச நேரம் மட்டும் செய்யுங்க.

பழைய டயரை ரசாயனம் தடவி மென்மையாக்குற வேலையும் வேண்டாம். போட்டியில் அதுக்குத் தடை இருக்கு.

டயரை எங்கே வைக்கிறீங்கங்கிறதும் காசுதான். வெயில் படாத அறையில், கறுப்பு பிளாஸ்டிக் கவரில் சுத்தி, வெல்டிங் மெஷின், மோட்டார் பக்கத்தில் இல்லாம வைங்க. மண்டபம், ராமேஸ்வரம் மாதிரி உப்புக்காத்து ஊர்னா அலுமினிய ரிம்மையும் கவனிக்கணும். டயர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்தா காத்து மெதுவா இறங்கும். டயர் மாத்தும்போதே அதைத் துடைச்சுடுங்க.