கம்பியைக் குட்டையாக்கினால் வண்டி உயரும்

இரும்புச் சுருள் வில் உள்ள ஜீப்பை உயர்த்த நீளமான வில்லைப் போட வேண்டும். 2004-இல் வந்த லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3-இன் காற்று சஸ்பென்ஷன் மாடல்களில் அந்த வேலையே இல்லை. நான்கு சக்கரத்திலும் காற்றுப் பை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரல் நீளத்தில் ஒரு கம்பி. உயரத்தை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரோடு அது இணைந்திருக்கும். அதைக் கழற்றிக் குட்டைக் கம்பி மாட்டுவோம். வண்டி தாழ்ந்துவிட்டதாக நினைத்துக் கம்ப்யூட்டர் காற்றை நிரப்பும். 2 அங்குலம் வரை எழுந்துவிடும். ஏமாற்று வேலைதான், ஆனால் அழகான ஏமாற்று!

வண்டிக்காரர்கள் உடனே பெரிய டயர் கேட்பார்கள். 255/60 R18-ஐ எடுத்துவிட்டு 265/65 R18 போட்டால் விட்டம் சுமார் 38 மி.மீ. கூடும், வண்டிக்கு அடியில் கிடைப்பது அதில் பாதிதான். அதுவரை சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் சுமார் 105.

நான் முதலில் பைகளின் காற்றை முழுதும் இறக்கிவிட்டு ஸ்டீயரிங்கை இருபக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்காமல் டயர் வாங்கவே விடமாட்டேன். ஏன்? காட்டுக்குள் கம்ப்ரஸர் நின்றாலோ பை கிழிந்தாலோ வண்டி அப்படியே ரப்பர் கட்டை மேல் உட்கார்ந்துவிடும். குட்டைக் கம்பி அப்போது உதவாது. டயர் ஃபெண்டரைத் தேய்க்கும். நெடுஞ்சாலையிலும் உயர்த்தியே ஓட்டினால் ஆக்ஸில் மூட்டுகள் சாய்ந்து சீக்கிரம் தேயும். ஊருக்குள் பழைய கம்பியே போதும்.