கூடு விட்டுக் கூடு பாயும் உரிமம்

கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைச் சித்தர்கள் அறிந்திருந்தனர் என்று நம் பாட்டிமார் கதை சொல்வதுண்டு. அவ்வித்தை இக்காலத்தில் கணினிக்கும் வேண்டியிருக்கின்றது என்பதை அண்மையில் நாம் அநுபவத்தில் உணர்ந்தோம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கோ ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி அவசியம். நமது வீட்டுக் கணினியில் அது இல்லை. ஆகவே பெட்டியையும் வன்தட்டையும் வைத்துக்கொண்டு, தாய்ப்பலகை, செயலி, நினைவகம் ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்கிப் பூட்டுவித்தோம்.

கணினி உயிர் பெற்றது; விண்டோஸ் 11ம் ஏறியது. ஆனால் திரையின் மூலையிலே, விண்டோஸைச் செயற்படுத்துமாறு கேட்கும் வாசகம் மங்கலாகத் தோன்றியது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனின் முகம் வாடிற்று. “அப்பா, என் ஒப்படைகள் அழிந்து போகுமா?” என்றான். பூட்டித் தந்த கடைக்காரரோ, “சில நூறு ரூபா தாருங்கள், குறுக்கு வழியில் சரிசெய்து விடலாம்” என்றார்.

இரண்டுக்கும் நாம் இசையவில்லை. உரிமம் உறுதியாகாவிடினும் கோப்புகள் அழிவதில்லை, வேலையும் தடைப்படுவதில்லை. அவ்வாசகம் நீங்காது, திரையின் தோற்றத்தை மாற்ற இயலாது, அவ்வளவே. குறுக்கு வழியில் கிடைக்கும் மென்பொருளோடு வைரசும் வீட்டுக்குள் புகக்கூடும்.

அப்படியாயின் உரிமம் எங்கே போயிற்று? அது வன்தட்டில் இருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. கணினியின் பாகங்களைக் கொண்டு ஓர் அடையாளம் கணிக்கப்பட்டு, அது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஏட்டில் பதியப்படுகின்றது. அவ்வடையாளத்தில் தாய்ப்பலகைக்கே முதன்மை. வன்தட்டை மாற்றினால் அநேகமாக ஒன்றும் நேராது; தாய்ப்பலகையை மாற்றினாலோ அது வேறொரு கணினியாகவே கருதப்படும்.

உரிமங்களில் இரு வகை முக்கியமானவை. கணினியுடன் கூடவே வருவது ஒன்று. அது அந்தக் கணினிக்கே உரியது; புதிய கூட்டுக்குப் பாயாது. தனியாக விலைகொடுத்து வாங்குவது மற்றொன்று. அதனை வேறு கணினிக்கு மாற்றலாம். ஆயினும் ஒரே வேளையில் ஒரு கணினியில் மாத்திரமே அது இருத்தல் வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் செய்ய வேண்டியது யாது? முதலில், உரிமத்தை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைத்துவிடுங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதியிலுள்ள ‘அக்டிவேஷன்’ பக்கத்தில், இணைந்துவிட்டதா என்பதைக் காணலாம். புதிய பாகங்களைப் பூட்டியபின், முன்பிருந்த அதே பதிப்பை நிறுவுங்கள். ‘ஹோம்’ உரிமம் ‘புரோ’ பதிப்புக்குப் பொருந்தாது. பின்னர் அதே கணக்கில் நுழைந்து, அதே பக்கத்தில் ‘ட்ரபிள்ஷூட்’ என்பதை அழுத்தி, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகத் தெரிவித்து, பட்டியலிலிருந்து உங்கள் கணினியைத் தெரிவுசெய்யுங்கள்.

நாம் முன்கூட்டியே இதைச் செய்திருக்கவில்லை. ஆயினும் நமது உரிமம் தனியாக வாங்கியது. அலுமாரியைக் கிளறியபோது, காணி உறுதியுடன் வைத்திருந்த சிறு அட்டை கையிலகப்பட்டது. அதிலிருந்த 25 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சாவியை மகன் ஒவ்வொன்றாகப் பதிந்தான். மூலையிலிருந்த வாசகம் மறைந்தது. விண்டோஸ் 10க்கு வாங்கிய சாவி 11க்கும் செல்லும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பழைய பலகையோடு உரிமத்தையும் இழந்தோர் மனந்தளர வேண்டியதில்லை. புதிய உரிமம் வாங்க வசதியில்லாதோர்க்கு லினக்ஸ் இருக்கின்றது. அதனை இலவசமாகவும் நேர்மையாகவும் நிறுவிக்கொள்ளலாம்.

சித்தர்களும் பாயுமுன் புதிய கூட்டை ஆயத்தமாக வைத்திருந்தனராம். திருப்புளியைக் கையில் எடுக்குமுன், அந்தச் சிறு அட்டை எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.