எட்டு பைட்டுகள் இடம் மாறும்போது

பின்ன எண்ணைக் கணினி பெரும்பாலும் எட்டு பைட்டுகளில், மிதவைப் புள்ளி வடிவில் வைத்துக்கொள்கிறது. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்கு. 11 பிட்டுகள் அடுக்குக்கு. 52 பிட்டுகள் இலக்கங்களுக்கு. 1985-இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரம் வகுத்த பங்கீடு இது. அதற்கு முன் இயந்திரத்துக்கு இயந்திரம் வடிவம் வேறு. ஐபிஎம் சிஸ்டம்/360 வடிவத்தில் அடிமானம் 16, உச்ச எல்லை ஏறக்குறைய 7 × 10⁷⁵. ஐ.இ.இ.இ. வடிவமோ 10³⁰⁸ வரை தாங்கும். 10¹⁰⁰ என்ற எண் ஒன்றில் அடங்கும், மற்றதில் அடங்காது.

வடிவம் ஒன்றாக இருந்தாலும் பைட் வரிசை மாறலாம். 1.0 என்ற எண்ணை இடமதிப்பில் பெரிய பைட்டிலிருந்து எழுதினால் 63, 240, அடுத்து ஆறு சுழியங்கள். இன்டெல் செயலிகள் கடைசி பைட்டிலிருந்து தொடங்குகின்றன. ஒரு வரிசையில் எழுதியதை மற்ற வரிசையாக அப்படியே படித்தால் 1.0 என்பது 3.04 × 10⁻³¹⁹ ஆகிவிடும். அதுவும் முறையான எண்தான் என்பதால் பிழைச் செய்தி எதுவும் எழாது. இந்த மௌனம்தான் பெரிய ஆபத்து.

ஆகவே எண்களைப் பரிமாறிக்கொள்ளும் தரவுத்தள சர்வரும் அதன் கிளையண்டும் முன்கூட்டியே ஓர் உடன்பாட்டுக்கு வந்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளம் தன் பைனரி வடிவில் எப்போதும் பெரிய பைட்டை முதலில் அனுப்புகிறது. மைஎஸ்கியூஎல் சிறியதை முதலில். சைபேஸும் எஸ்கியூஎல் சர்வரும் பயன்படுத்தும் டிடிஎஸ் நெறிமுறையில், உள்நுழையும்போதே கிளையண்ட் தன் பைட் வரிசையையும் எண் வடிவத்தையும் அறிவிக்கிறது. பழைய வாக்ஸ் இயந்திரத்தின் வடிவத்துக்கும் அங்கே இடமுண்டு. ஐபிஎம்மின் டிஆர்டிஏ நெறிமுறையில் அனுப்புபவர் தன் வடிவிலேயே அனுப்பலாம். மாற்றிக்கொள்வது பெறுபவர் பொறுப்பு. இவற்றுள் அனுப்பும்போது ஒரே வடிவம் என்ற ஏற்பாடே எளியது, சோதிக்கவும் சுலபமானது.

எண்ணை எழுத்துகளாக அனுப்பினால் பைட் வரிசைச் சிக்கல் இல்லை. ஆனால் இலக்கங்கள் போதுமானவையா என்ற கேள்வி வருகிறது. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் கணினிக்குக் கிடைப்பது 0.30000000000000004. போஸ்ட்கிரெஸ்கியூஎல் முன்பு இயல்பாக 15 இலக்கங்களே காட்டியதால் கிளையண்டுக்கு வெறும் 0.3 போய்ச் சேரும். அந்த 0.3-ஐ வைத்தே மீண்டும் தேடினால் அந்தப் பதிவு கிடைக்காது. சர்வரில் இருப்பது வேறு எண். 17 இலக்கங்கள் அனுப்பினால் எந்த எண்ணும் பிசகாமல் திரும்பும், ஆனால் 0.1 கூட 0.10000000000000001 என்று நீண்டுவிடும். உல்ஃப் ஆடம்ஸ் 2018-இல் வெளியிட்ட ரியூ என்ற வழிமுறை, எண்ணைத் துல்லியமாக மீட்கத் தேவையான மிகக் குறைந்த இலக்கங்களை விரைவாகக் கண்டுபிடிக்கிறது. 2019-இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 அதையே இயல்பாக்கிக்கொண்டது.