முட்டுக்கொடுக்கும் மாற்றம்

பென்சிலின் வகை மருந்துகளை உடைத்துப்போடுவதற்கென்றே சில பாக்டீரியாக்களிடம் ஒரு நொதி இருக்கிறது. பெயர் டெம்-1. பென்சிலினிடம் காட்டும் வேகத்தை அது செஃபோடாக்சிம் என்ற ஊசி மருந்திடம் காட்ட முடியாது. அந்த மருந்தின் மூலக்கூறு பருமன். நொதியின் வாய்க்குள் சரியாக நுழையாது. ஆனால் மரபணுவில் ஐந்தே ஐந்து எழுத்துகள் மாறினால், பாக்டீரியா தாங்கும் மருந்தின் அளவு சுமார் 1,00,000 மடங்கு கூடிவிடும்.

ஐந்தும் ஒருசேர வருவது மிக அரிது. பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். எது முந்தி, எது பிந்தி என்று வரிசை போட்டால் 5×4×3×2×1, ஆக 120 வழிகள். 2006இல் டேனியல் வைன்ரைக் குழுவினர் இந்த மாற்றங்களை எல்லாச் சேர்க்கைகளிலும், மொத்தம் 32 வகைகளாக, உருவாக்கி ஒவ்வொன்றையும் சோதித்தார்கள். ஒவ்வொரு படியிலும் தாங்கும் திறன் ஏற வேண்டும்; இல்லாவிட்டால் இயற்கைத் தேர்வு அந்தப் படியைத் தூக்கிவிடாது. இப்படிப் பார்த்ததில் 102 வழிகள் அடைபட்டுப் போயின. மிஞ்சிய 18இலும் பல பெயரளவுக்கு மட்டுமே வழிகள்.

காரணத்தை இரண்டு மாற்றங்களில் பார்த்துவிடலாம். 238ஆம் இடத்தில் கிளைசின் போய் செரின் வந்தால் நொதியின் வாய் அகலும், செஃபோடாக்சிம் உள்ளே போகும். வாசலை அகலப்படுத்தச் சுவரை இடித்த கதைதான்: வழி கிடைக்கும், கட்டடம் ஆட்டம் காணும். நொதியும் எளிதில் குலைந்துபோகிறது. 182ஆம் இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் திரியோனின் வந்தால், அது அந்த ஆட்டத்துக்கு முட்டுக்கொடுக்கிறது. ஆடாத சுவருக்கு முட்டு எதற்கு? 182 மட்டும் தனியாக வந்தால் இந்த மருந்துக்கு எதிராக ஒரு லாபமும் இல்லை. 238க்குப் பின்னால் வந்தால் பெரிய லாபம்.

அதனால் ஒரு மாற்றத்தைத் தனியே எடுத்துவைத்து நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பொருளில்லை. ஏற்கெனவே அங்கே எது இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மாற்றங்களுக்கிடையேயான இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு உயிரியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் எபிஸ்டாசிஸ். பெயர்தான் மிரட்டும்.

இது ஆய்வகத்துக் கணக்கு மட்டுமல்ல. நோயாளிகளிடமிருந்து கிடைத்த டெம்-52 என்ற வகையில் 104, 182, 238 ஆகிய மூன்று இடங்களும் சேர்ந்தே மாறியிருக்கின்றன. முட்டும் இடித்த சுவரும் ஒரே கட்டடத்தில்.